மடக்குக் கத்தியில் ஆடும் திருகாணி

வாழை மட்டை அறுக்க, பந்தல் கயிறு வெட்ட, விதை மூட்டை பிரிக்க, ஒட்டுக் கட்ட என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை மடக்குக் கத்தியை எடுக்கிறோம்னு எண்ணிப் பாருங்க. அலகைத் தீட்ட மறக்க மாட்டோம். அந்த அலகைப் பிடிச்சு நிறுத்துற நாலைந்து திருகாணிகளை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒன்று விழுந்த பிறகுதான் தேடுகிறோம்.

திருகாணி தளர்ந்தால் இரண்டு ஆபத்து. முதலாவது நம்ம விரலுக்கு. அலகு பக்கவாட்டில் ஆடினால், விரித்த அலகைத் தாங்கும் லாக் பட்டை முழுசாக உட்காராது. அழுத்தி அறுக்கும்போது அது நழுவினால் அலகு மடங்கி விரல் மேல்தான் விழும். இரண்டாவது ஆபத்து மாட்டுக்கு. ஆடு பொறுக்கித் தின்னும், மாடு அப்படியில்லை. நாக்கால் வழித்து விழுங்கிவிட்டு, பிறகுதான் அசைபோடும். தீவனத்தில் கிடக்கும் இரும்பு அதன் இரண்டாவது இரைப்பையில் போய்த் தங்கும். தேன்கூடு மாதிரி இருக்கும் அந்தப் பைக்கும் இதயத்துக்கும் இடையில் உதரவிதானம் மட்டும்தான். கம்பி, ஆணி மாதிரி கூரானவை குத்திக்கொண்டு இதயம் வரைக்கும் போய்விடும். திருகாணி அவ்வளவு கூர் இல்லைதான். ஆனாலும் சோளத்தட்டைக் கட்டு பிரிக்கும் இடத்தில் எந்த இரும்புத் துண்டும் விழக் கூடாது.

ஏன் தளர்கிறது?

அலகு சுழல்வது ஒரே ஒரு அச்சுத் திருகாணி மேல். நாம் விரித்து மடக்கும் ஒவ்வொரு தடவையும் அலகு அந்தத் திருகாணியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பப் பார்க்கும். கத்தியை நெம்புகோலாக்கி டப்பா மூடி திறந்தால் பக்கவாட்டில் சுமை ஏறும். வண்டியில் போகும்போது அதிர்வு வேறு. மரையில் எண்ணெய் இறங்கிவிட்டால் பிடிமானம் இன்னும் குறையும்.

நம்ம வேலையில் இன்னொரு காரணமும் உண்டு. வாழைப்பால், பலாப்பால், பப்பாளிப்பால் எல்லாம் அச்சில் காய்ந்து ஒட்டும். கத்தி திறக்கக் கடினமாகும். உடனே திருகாணியைத் தளர்த்திவிடுகிறார்கள். பால் போன பிறகு தளர்வு மட்டும் மிச்சம். அதனால் கத்தி இறுகினால் முதலில் கழுவுங்க, அப்புறம் திருகாணியைத் தொடுங்க. பலாப்பாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டுத் துடைத்தால் வந்துவிடும். மற்றதுக்கு வெந்நீரும் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். கோமியம், ஜீவாமிர்தம் பட்ட கத்தியை அப்படியே மடக்கி வைக்காதீங்க. மரையில் துரு ஏறினால் பிறகு திருகாணியைக் கழற்றுவதே பெரும்பாடு.

ஆட்டத்தைக் கண்டுபிடிப்பது

கத்தியை விரித்து லாக் செய்யுங்க. ஒரு கையில் பிடியைப் பிடித்து, மறு கை விரல்களால் அலகின் முதுகுப் பக்கத்தைப் பிடித்து இடம் வலமாக அசையுங்க. ஆடினால் அச்சுத் திருகாணி தளர்வு, இறுக்கினால் சரியாகும். மேலும் கீழுமாக ஆடினால் லாக் தேய்ந்திருக்கலாம். எவ்வளவு இறுக்கினாலும் அது தீராது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

இறுக்கும் முறை

திருகாணித் தலையைப் பாருங்க. இப்போது வரும் கத்திகளில் பெரும்பாலும் ஆறு முனைப் பள்ளம் இருக்கும். இதற்கு டார்க்ஸ் என்று பெயர். கடையில் 'ஸ்டார் திருப்புளி' என்று கேட்டால் பிளஸ் குறி போட்டதைத்தான் எடுத்துத் தருவார்கள். 'டார்க்ஸ், டி6, டி8' என்று எண் சொல்லிக் கேளுங்க. பிடியில் இருக்கும் சின்னத் திருகாணிக்குப் பெரும்பாலும் டி6, அச்சுக்கு டி8 பொருந்தும். பொருந்தாத முனையைப் போட்டு அழுத்தினால் தலை மழுங்கிவிடும்.

பள்ளத்தில் இருக்கும் மண்ணை ஊசியால் நோண்டி எடுத்துவிட்டு, திருப்புளியை நேராக நிறுத்தி வலப்பக்கம் திருப்புங்க. அச்சை ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது. ஒரு முழுச் சுற்றில் எட்டில் ஒரு பங்கு திருப்பி, கத்தியைத் திறந்து மடக்கிப் பாருங்க. ஆட்டமும் இருக்கக் கூடாது, திறக்கத் திணறவும் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கு, கைக்குத் தெரியும். சில கத்திகளில் அச்சு இரண்டு பக்கமும் திருகாணியாக இருக்கும். ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் மறுபக்கத்தைத் திருப்ப வேண்டும். பிடித் திருகாணிகளுக்கு இரண்டு விரல் பலமே போதும்.

திரும்பத் திரும்பத் தளர்ந்தால் மரைப் பசை போடலாம். நீல நிறப் பசை, தேவைப்படும்போது கழற்றக்கூடியது. சிவப்புப் பசை வேண்டாம். நல்ல சூடு காட்டாமல் கழற்ற முடியாது. திருகாணியைக் கழற்றி மரையை ஸ்பிரிட்டால் துடைத்து, குண்டூசித் தலை அளவு தடவி இறுக்கி, ஒரு நாள் அப்படியே வையுங்க. அச்சுக்குள் வாஷர் பக்கம் பசை இறங்கினால் அலகே ஒட்டிக்கொள்ளும், கவனம். இந்தப் பசை சில வகை பிளாஸ்டிக்கை வெடிக்க வைக்கும். பிளாஸ்டிக் பிடியில் படாமல் பாருங்க. இடுப்பில் மாட்டும் கிளிப்பின் திருகாணிக்கு வீட்டில் இருக்கும் நகப்பாலிஷே போதும்.

விழுந்துபோன திருகாணிக்கு மாற்று

கத்தியில் மிச்சம் இருக்கும் அதே மாதிரித் திருகாணி ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்க. கிளிப்பில் பெரும்பாலும் இரண்டு மூன்று ஒரே மாதிரி இருக்கும். ஹார்டுவேர் கடையில் இவ்வளவு சின்னது கிடைப்பது அரிது. செல்போன், லேப்டாப் பழுது பார்க்கும் கடையில் கேளுங்க. லேப்டாப்பில் வரும் 2 மில்லிமீட்டர், 2.5 மில்லிமீட்டர் திருகாணிகள் பல கத்திகளுக்குப் பொருந்தும். அச்சுத் திருகாணி மட்டும் ஒவ்வொரு கத்திக்கும் தனி. வேறு கத்தியினுடையது சேராது.

மூன்று விஷயம் பாருங்க. ஒன்று, தடிமன். இரண்டு, மரையின் நெருக்கம். அமெரிக்கத் தயாரிப்புகள் சிலவற்றில் அங்குல மரை இருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஏறாது. விரலால் இரண்டு மூன்று சுற்று தானாக ஏறினால்தான் சரியான மரை. முதல் சுற்றிலேயே முரண்டு பிடித்தால் நிறுத்திடுங்க. பலவந்தப்படுத்தினால் துளை மரையே அழிந்துவிடும். மூன்று, நீளம். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தாலும் உள்ளே போய் அலகில் உரசும். நீளமாக இருந்தால் அரத்தால் தேய்த்துக் குறைக்கலாம்.

தலை மழுங்கிய திருகாணிக்கு, பள்ளத்தின் மேல் ரப்பர் பேண்டை விரித்து வைத்து அதன் மேல் திருப்புளியை அழுத்தித் திருப்பிப் பாருங்க. பசை போட்டு இறுகியது என்றால், பற்றவைக்கும் சால்டரிங் இரும்பின் முனையைத் தலையில் அரை நிமிடம் வைத்தால் பசை இளகும்.

ரிவிட் அடித்த கத்தி

நம்ம ஊர்ச் சந்தையில் கிடைக்கும் பல கத்திகளில் திருகாணியே இருக்காது, ரிவிட்தான். அது ஆடினால், ஒரு பக்கத் தலையை இரும்புப் பட்டையில் வைத்து, மறுபக்கத் தலையைச் சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டுங்க. இரண்டு தட்டு, ஒரு சோதனை. ரிவிட் தேய்ந்திருந்தால் பட்டறை ஆசாரியிடம் கொடுத்துப் புதுசு அடித்துக்கொள்வதே நல்லது.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெயை அச்சில் விட்டுவைத்தால் நாளடைவில் பிசுக்காகும், குளிர்காலத்தில் உறையும். காய், பழம் அறுக்கும் கத்திக்கு மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு போதும். கெட்டுப்போகாது, உணவில் பட்டாலும் பயமில்லை.

எங்க ஊர்ல அமாவாசை அன்னைக்கு ஏர் பூட்ட மாட்டோம். மண்வெட்டி, அரிவாளோடு மடக்குக் கத்தியையும் அன்னைக்குத்தான் எடுத்து உட்காருவேன். கழுவி, ஆட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் இறுக்கி, ஒரு சொட்டு எண்ணெய். பத்து நிமிட வேலை. ஆறு வருசமா அதே கத்திதான் பையில் இருக்கு. இத்தனை செய்தும் லாக் நழுவுகிற கத்தியை மட்டும் வேலைக்கு எடுக்காதீங்க. புதுக் கத்தி வாங்கிடலாம், விரல் வாங்க முடியாது.