மூடை ஏற்றும் பலகையில் உராய்வு விசையைக் கணித்தல்



பெரும்போக நெல்லை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றும் நாட்களில், படுவான்கரை வட்டைகளில் மழை முற்றாக ஓய்ந்திருப்பதில்லை. சாய்த்து வைத்த பலகை நனைந்திருக்கும்; மூடையின் அடியிற் சேறு ஒட்டியிருக்கும். மண்முனையில் 2014ஆம் ஆண்டிற் பாலம் திறக்கப்படும்வரை பாதையிலேறி வாவியைக் கடந்தவர்கள், நனைந்த பலகையிற் சில்லு வழுக்குவதை நன்கறிவர். 50 கிலோ மூடையொன்று வழுக்கினால், அது கீழே நிற்பவரின் மேலேயே விழும். இருந்தும், பலகையின் சாய்வைக் கண்ணளவாலேயே தீர்மானிக்கிறோம். அதனை அளந்தறிதல் கடினமன்று.

ஒன்றையொன்று தொடும் இரு பரப்புகளில் ஒன்று மற்றொன்றின்மேல் நகர முற்படும்போது, அதனைத் தடுக்கும் விசையே உராய்வு. இவ்விசை அழுத்தும் பாரத்திற்கு ஏற்பக் கூடுமேயன்றி, தொடும் பரப்பின் அகலத்தைப் பொறுத்ததன்று என 1699ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் அமொன்தன் எடுத்துக்காட்டினார். மூடையைக் கிடத்தினாலும் நிறுத்தினாலும் உராய்வு ஏறக்குறைய ஒன்றே. பாரம் இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்கும். உராய்வைப் பாரத்தால் வகுத்துப் பெறும் எண் உராய்வுக் குணகம் எனப்படும்.

இக்குணகம் பாரத்தைப் பொறுத்ததன்று. ஆதலின் சோதனைக்கு முழு மூடை வேண்டியதில்லை. அதே சாக்குத் துணியில் 5 கிலோ நெல்லைக் கட்டிப் பலகையின்மேல் வையுங்கள். ஒரு முனையை மெதுவாக உயர்த்துங்கள். பொதி தானே நகரத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, உயர்ந்த முனையின் உயரத்தையும், அம்முனைக்கு நேர்கீழே உள்ள இடத்திலிருந்து பலகையின் தாழ்ந்த முனைவரை நிலத்தில் உள்ள தூரத்தையும் அளவுநாடாவால் அளவுங்கள். உயரம் 120 சதமமீற்றர், தூரம் 240 சதமமீற்றர் எனின், 120 ஐ 240 ஆல் வகுக்க 0.5 வரும். அதுவே குணகம். மும்முறை செய்து, மிகக் குறைந்த எண்ணையே கொள்ளுக.

இனி, சமநிலத்திற் கிடக்கும் 50 கிலோ மூடையை அதே பலகையின்மேல் நகர்த்த, 50 × 0.5 = 25 கிலோ விசை வேண்டும். (நியூற்றனில் வேண்டுமெனின் 9.8 ஆற் பெருக்குக.)

பெட்டியின் தளம் 90 சதமமீற்றர் உயரமாயின், பலகையின் அடியை 180 சதமமீற்றர் தூரத்தில் வைத்தாற் சாய்வு 0.5 ஆகும். அது குணகத்திற்குச் சமம். சிறிது அசைந்தாலும் மூடை கீழிறங்கும். ஒருமுறை நகரத் தொடங்கினால் உராய்வு முன்னிலும் குறைவதால், அதன் வேகம் கூடிக்கொண்டே போகும். ஆகவே அடியை 360 சதமமீற்றருக்குத் தள்ளி வையுங்கள். பலகை 371 சதமமீற்றர் நீளமாக வேண்டும். அப்போது மூடையைக் கீழிழுக்கும் விசை 50 × 90 ÷ 371 = 12.1 கிலோ; பலகையை அழுத்தும் விசை 50 × 360 ÷ 371 = 48.5 கிலோ, அதன் உராய்வு 24.3 கிலோ. மேலே தள்ளும்போது இரண்டும் எதிர்ப்பதால் 36.4 கிலோ விசை வேண்டும். நேரே தூக்க 50 கிலோ. கீழிறக்கும்போதோ உராய்வே மேலோங்கி நிற்பதால், கையை எடுத்தவுடன் மூடை நின்றுவிடும். நீண்ட பலகைக்குக் கொடுக்கும் விலை இதற்கு வீணன்று.

உலர்ந்த பலகையிற் கண்ட எண்ணை நனைந்த பலகைக்குப் பயன்படுத்தாதீர்கள். நீரூற்றி மீண்டும் அளவுங்கள். சணற்சாக்கை விட்டுப் பிளாத்திக்குச் சாக்கிற்கு மாறினாலும் அவ்வாறே.

களுதாவளைப் பக்கத்து மரக்கறிச் செய்கையாளர், நிறையறிந்த பெட்டியொன்றில் விற்றராசைக் கொளுவிச் சமதளத்தில் மெல்ல இழுத்தால், நகரும் கணத்தில் தராசு காட்டும் எண்ணே உராய்வு.

சேற்று வயலில் இக்கணக்கு செல்லாது. ஈரக்களி ஒட்டிப் பிடிப்பதால், அங்கே பரப்பின் அகலமும் கணக்கில் வரும். பரம்படிக்கும் அகலப் பலகை அதே பாரமுள்ள ஒடுங்கிய பலகையினும் கடினமாக இழுபடுவது இதனாலேயே. அங்கே விற்றராசால் இழுத்துப் பார்த்தே விசையை அறிதல் வேண்டும்.