கண்ணைக் காப்போர்

ஐம்பது வயதை நெருங்கும் ஒருவருக்குப் பத்திரிகை எழுத்து மங்கித் தோன்றுகிறது. அவர் கடைத்தெருவுக்குச் சென்று மூக்குக்கண்ணாடி ஒன்று வாங்கி அணிகிறார். எழுத்துத் தெளிவாகத் தெரிகிறது. தம் கண்களில் இனிக் குறை எதுவுமில்லை என்ற நிறைவோடு வீடு திரும்புகிறார். அவர் பெற்றது நல்ல கண்ணாடியே. ஆயினும் கண்ணாடி பெறுவது வேறு, கண்ணைச் சோதிப்பித்துக்கொள்வது வேறு. இவ்வேறுபாட்டை உணராமையால் பார்வை இழந்தோரும் உளர்.

கண்ணில் நேரும் குறைகள் பெரும்பாலும் இருவகைப்படும். கண்ணுட் புகும் ஒளி விழித்திரையில் உரிய இடத்திற் குவியாமை ஒருவகை; இதனைக் கண்ணாடி திருத்தும். கண்ணே நோயுறுதல் மற்றொரு வகை. இதற்கு வேண்டுவது வைத்தியம். இவ்விருவகைக் குறைகளுக்கும் ஏற்பவே கண்ணைக் காப்போரின் பணிகளும் பிரிந்துள்ளன.

முதலாமவர் கண்ணாடி பொருத்துபவர். இவரை ஒப்டீசியன் என்பர். பிறர் எழுதித்தந்த அளவின்படி வில்லையைத் தெரிந்து, இரு கண்மணிகளுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்து, சட்டத்திற் பொருத்துவது இவர் தொழில். வில்லையின் நடுப்புள்ளி இடம் பிசகினால் தலைவலியும் கண்சோர்வும் உண்டாகலாம்.

இரண்டாமவர் பார்வைப் பரிசோதகர், ஒப்டோமெட்ரிஸ்ட் எனப்படுபவர். 1862ஆம் ஆண்டு ஒல்லாந்து நாட்டு வைத்தியர் ஸ்னெல்லன் வகுத்த எழுத்து அட்டையும் இவர் கையாளும் கருவிகளுள் ஒன்று. அதனை ஆறு மீற்றர் தொலைவில் வைத்துக் கிட்டப்பார்வை, தூரப்பார்வை ஆகியவற்றை இவர் அளந்தறிவார். நாற்பது வயதளவில் தோன்றும் வெள்ளெழுத்துக்கும் கண்ணாடி குறிப்பார். நோயின் அறிகுறி கண்டால் வைத்தியரிடம் அனுப்புதல் இவர் கடமையாகும்.

மூன்றாமவர் கண் வைத்திய நிபுணர். பொது வைத்தியம் கற்றபின் கண்ணுக்கெனத் தனிப்பயிற்சி பெற்றவர் இவரே. ஜெர்மனிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் வெளியிட்ட கண்நோக்கி, உயிருள்ள மனிதனின் விழித்திரையை வைத்தியர் காண வழி செய்தது. கண்புரையைக் கண்ணாடியோ துளிமருந்தோ போக்காது, சத்திரசிகிச்சையே போக்கும். 1949இல் லண்டனில் ஹரல்ட் ரிட்லி என்னும் வைத்தியர் கண்ணினுள்ளேயே செயற்கை வில்லை பொருத்தத் தொடங்கினார். அம்முறை வளர்ச்சியுற்று இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது.

இவர்களுக்குத் துணைநிற்போரும் உண்டு. பிள்ளைகளின் மாறுகண்ணை ஆராய்ந்து, நல்ல கண்ணை மறைத்துச் சோம்பிய கண்ணுக்குப் பயிற்சியளிப்போர் ஓதொப்டிஸ்ட் எனப்படுவர். இச்சிகிச்சை இளவயதில் நிகழ்ந்தாலே முழுப்பயன் தரும்.

கண்ணாடி வாங்கி மகிழ்ந்தவரை இனி நோக்குவோம். அவருக்குக் குளுக்கோமா என்னும் நோய் இருந்திருப்பின், அதனை அவர் அறிந்திருக்கமாட்டார். கண்ணின் நரம்பைச் சிறிது சிறிதாக அழிக்கும் இந்நோய் பெரும்பாலும் வலி தருவதில்லை. முதலிற் பக்கப்பார்வை குறையும்; நேர்ப்பார்வை நெடுங்காலம் தெளிவாகவே இருக்கும். ஆதலால் அட்டையின் கடைசி வரியை வாசித்தவருக்கும் இந்நோய் இருத்தல் கூடும். இழந்த பார்வை மீளாது. எஞ்சியதையே துளிமருந்தாலும் சத்திரசிகிச்சையாலும் காக்கலாம்.

எனவே நாற்பது வயதைக் கடந்தோர், சிறப்பாகப் பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ குளுக்கோமா உள்ளோர், கண்ணின் அழுத்தத்தையும் நரம்பையும் சோதிப்பித்துக்கொள்ளல் வேண்டும். நீரிழிவுடையோர் ஆண்டுக்கொருமுறையேனும் விழித்திரையைச் சோதிப்பித்தல் நன்று. திடீரெனப் பார்வை மறைந்தாலும், மின்னல்போல் ஒளி தோன்றித் திரை விழுந்தாற்போல் இருந்தாலும், கண்ணாடிக் கடையை நாடாது உடனே வைத்தியசாலையை நாடவேண்டும். சுண்ணாம்பு முதலியன கண்ணிற் பட்டால், முதலில் தூய நீரால் நெடுநேரம் கழுவிவிட்டே புறப்படல் வேண்டும்.

இலங்கையில் கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலையிலும் ஏனைய பெரிய அரசாங்க வைத்தியசாலைகளிலும் கண் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. கண்ணைக் காப்போர் ஒவ்வொருவரும் தத்தம் பணியில் வல்லவரே. எக்குறைக்கு எவரிடம் செல்வது என்பதை அறிந்து, காலந்தாழ்த்தாது செல்வதே கண்ணுடையோர் கடன்.