கணினி விளையாட்டும் கைக்கேற்ற கருவியும்

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பிள்ளைகளுக்கு மைதானம் என்பதே இல்லாமற் போய்விடும். பிரட்டுக் களத்திலே பந்தடித்த சிறுவர்கள் லயத்துக் காம்பராவுக்குள் அடைபட்டுக் கிடப்பர். முன்னாளில் தாயமும் பல்லாங்குழியும் அவ்வேளைக்கு உதவின. இந்நாளில் கைத்தொலைபேசி உதவுகின்றது. உதவுகின்றது என்று நாம் எழுதுவதைக் கண்டு பெற்றோர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். தொலைபேசி விளையாட்டில் ‘டயமண்ட்’ வாங்கவென்று வீட்டுப் பணத்திற் கைவைத்த பிள்ளைகளைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருப்பர். அவர்களது கவலை நியாயமானதே. ஆயினும் விளையாட்டே கூடாதென்று விலக்குவதைக் காட்டிலும், வீட்டார் கண்முன்னே இருக்கும் கணினியில், நிறுத்தச் சொன்னபோது நிறுத்தக்கூடிய விளையாட்டொன்றைப் பிள்ளைக்குக் காட்டிக் கொடுப்பது நன்று என்பது எமது எண்ணம்.

எந்தக் கணினி என்று கேட்பீர்கள். எமது மலைநாட்டு வீடுகளுக்கு வந்துசேரும் கணினிகளிற் பல, கொழும்பில் ஏதோவோர் அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்தவை. அவற்றில் விண்டோஸ் 10 இருக்கும். அதற்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுவான பராமரிப்பு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றது. அடுத்து வந்த விண்டோஸ் 11, டீபீஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் உள்ள இயந்திரத்தையே முறைப்படி ஏற்றுக்கொள்ளும். பழைய இயந்திரத்தை வைத்திருப்பவர் திருட்டுப் பிரதியை நாடுகின்றார்; அல்லது கணினியை மூலையில் வைத்துத் துணியால் மூடிவிடுகின்றார். இரண்டும் வேண்டியதில்லை. மூன்றாவது வழியாக லினக்ஸ் இருக்கின்றது.

லினக்ஸ் இந்நாட்டுக்குப் புதிதன்று. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிவைத்த இம்முறைமையை எவரும் காசின்றி எடுத்தாளலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். கண்டிக்கு அருகே, தேயிலை அரும்பொருட்சாலை அமைந்திருக்கும் ஹந்தானை மலையின் பெயரைச் சூடி, ஹந்தான லினக்ஸ் என்றொரு தொகுப்பு இலங்கையர் முயற்சியால் 2009ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. ஃபெடோரா என்னும் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது அது. இன்று புதிதாகத் தொடங்குவோருக்கு லினக்ஸ் மின்ட் எளிது. தமிழிலேயே திரையை அமைத்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பிற் சிற்சில சொற்கள் எமக்குச் சிரிப்பை வருவித்தன என்பது வேறு கதை.

“லினக்ஸில் விளையாட முடியாது” என்று கணினிக் கடைகளில் இன்றும் கூறுவாருளர். ஒரு காலத்தில் அது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. 1998இல் அமெரிக்காவிலே லோக்கி என்னும் சிறு நிறுவனம் புகழ்பெற்ற விளையாட்டுகளை லினக்ஸுக்கு மாற்றி விற்க முற்பட்டது. வாங்குவார் போதாமையால் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. ஆனால் அங்கே பணியாற்றிய சாம் லன்டிங்கா என்பவர் ஆக்கிய எஸ்டிஎல் என்னும் மென்பொருள் நூலகம் மடியவில்லை. திரை, ஒலி, கைக்கருவி ஆகியவற்றோடு விளையாட்டைத் தொடர்புபடுத்துவது அதுவே. இன்று எத்தனையோ விளையாட்டுகள் அதன்மீதே நிற்கின்றன. வால்வ் நிறுவனம் தனது ஸ்டீம் கடையை 2013இல் லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. 2018 ஓகஸ்டில் புரோட்டன் என்னும் கருவியை அதனோடு சேர்த்தது. நிலைமை மாறியது அப்போதுதான்.

புரோட்டன் செய்யும் வேலை யாது? தோட்டத்துக் கணக்கப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். துரை ஆங்கிலத்திற் சொல்வார். மலையில் நிற்கும் தொழிலாளிக்கு ஆங்கிலம் தெரியாது. இடையிலே நிற்கும் கணக்கப்பிள்ளை அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல வேலை நடக்கும். விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டு விண்டோஸின் பாஷையில் ஏவுகின்றது. புரோட்டன் அதை லினக்ஸ் அறிந்த பாஷையில் மாற்றிக் கொடுக்கின்றது. 1993இல் தொடங்கிய வைன் என்னும் திட்டமே இதன் மூலம். 2022இல் வெளிவந்த ஸ்டீம் டெக் என்னும் கைக்கணினி முற்றாக லினக்ஸிலேயே இயங்குகின்றது. அதற்கென ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் பரிசோதிக்கப்பட்டமையால், சாதாரணக் கணினியில் லினக்ஸ் வைத்திருப்போருக்கும் பயன் கிட்டியது.

கணக்கப்பிள்ளைக்கும் எட்டாத இடங்கள் உண்டு. அவற்றை ஒளியாமற் சொல்லவேண்டும். வலோரன்ட், ஃபோர்ட்நைட், கணினிக்கான பப்ஜி ஆகியவை லினக்ஸில் இயங்கா. ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கவென அவற்றிற் பொருத்தியுள்ள காவல் மென்பொருள் லினக்ஸுக்கு இடங்கொடுப்பதில்லை. உங்கள் பிள்ளை இவற்றையே கேட்கின்றான் எனில், லினக்ஸை நிறுவுமுன் அவனிடம் இதைச் சொல்லிவிடுங்கள். மற்றொன்று: புரோட்டனுக்கு வல்கன் என்னும் வரைகலை முறையை அறிந்த இயந்திரம் வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கணினிகளிற் பலவற்றுக்கு அது போதிய அளவு தெரியாது. அவ்வாறான வீடுகளுக்கு லினக்ஸுக்கென்றே ஆக்கப்பட்ட இலவச விளையாட்டுகள் உள. வண்டிப்பந்தயமான சூப்பர்டக்ஸ்கார்ட்டும், பெங்குவின் ஒன்று குதித்தோடும் சூப்பர்டக்ஸும் பழைய கணினிகளிற் பலவற்றிலும் ஓடும். தொலைபேசித் தரவைக் காசு கொடுத்து வாங்கும் எமது பகுதியில் இவற்றின் சிற்றளவும் ஒரு வரமே. பெரிய விளையாட்டுகள் பல பத்து ஜிகாபைட் கேட்கின்றன. இவையோ ஒரு பென்டிரைவில் நண்பன் வீட்டிலிருந்து வந்துவிடும். அவ்வாறு கொண்டுவருவது திருட்டுமாகாது.

இனிக் கைக்கருவிக்கு வருவோம். கொன்ட்ரோலர் என்றும் கேம்பேட் என்றும் பிள்ளைகள் சொல்லும் அப்பொருளைப் பற்றித்தான் பெற்றோர் எம்மிடம் மிகுதியாகக் கேட்கின்றனர். அது வியப்பன்று. 1000 ரூபா நாட்சம்பளத்துக்காக 2015 முதல் குரலெழுப்பி 2021இலேயே அதைக் கண்ட மக்கள் நாம். நல்ல கொன்ட்ரோலர் ஒன்றின் விலை ஒரு தாயின் பலநாட் கொழுந்துக் கூலி. அதை வாங்கி வந்து செருகியபின் “இது வேலை செய்யவில்லை” என்று பிள்ளை சொன்னால் அந்த வீட்டில் என்ன நிகழும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

சென்ற தீபாவளி விடுமுறையில் எமது மாணவன் ஒருவன் தன் தந்தையுடன் வந்தான். கொழும்பிற் கடையொன்றில் வேலை செய்யும் அவர், ஆண்டில் இரண்டு மூன்று தடவைகளே தோட்டத்துக்கு வருபவர். புறக்கோட்டை நடைபாதையில் ஒரு கொன்ட்ரோலர் வாங்கி வந்திருந்தார். எல்லாக் கணினிக்கும் ஏற்றது என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. செருகினால் விளக்கு எரிந்தது. ஆனால் வேகத்துக்கான பொத்தானை அழுத்த வண்டி நின்றது, திருப்ப முயன்றாற் படம் சுழன்றது.

“சேர், கடைக்காரன் ஏமாத்திட்டானா, இல்ல இந்த லினக்ஸுக்கு இது ஒத்துவராதா? நாளைக்கு விடிய நான் பஸ் ஏறணும், திருப்பிக் குடுக்கவும் ஏலாது” என்றார். மகன் வாய் திறக்கவில்லை. லினக்ஸை நிறுவியவன் அவனே. ஆகவே குற்றவாளி போல நின்றான்.

ஜேஎஸ்டெஸ்ட்-ஜிடிகே என்று ஒரு சிறு மென்பொருள் உண்டு. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதற்குரிய கட்டம் திரையில் மாறும். தந்தையையே ஒவ்வொன்றாக அழுத்தச் சொன்னோம். பன்னிரண்டு பொத்தானும் விடையளித்தன. இரண்டு குச்சிகளும் நாற்றிசையும் அசைந்தன. கருவியிற் பழுதில்லை, லினக்ஸிலும் பழுதில்லை. பொத்தான்களின் வரிசை எண்தான் வேறு. சூப்பர்டக்ஸ்கார்ட்டின் அமைப்புப் பக்கத்திலே ஒவ்வொரு செயலுக்கும் உரிய பொத்தானைப் புதிதாகக் குறித்தோம். பத்து நிமிட வேலை. அதன்பின் தந்தையும் மகனும் எமது மேசையிலேயே ஒரு பந்தயம் ஓட்டிப் பார்த்தனர். தந்தை மூன்று தடவை பள்ளத்தில் விழுந்தார்.

இக்குழப்பத்தின் காரணம் தெரிந்தால் வாங்கும்போதே தவிர்க்கலாம். மைக்ரோசொஃப்ட் 2005இல் எக்ஸ்பொக்ஸ் 360 உடன் எக்ஸ்இன்புட் என்னும் முறையைக் கொண்டுவந்தது. அதிலே இன்ன பொத்தான் இன்ன இடத்தில் என்று வரையறை உண்டு. இன்றைய கணினி விளையாட்டுகள் அதையே எதிர்பார்க்கின்றன. அதற்கு முந்திய டைரக்ட்இன்புட் முறையிலோ ஒவ்வோர் உற்பத்தியாளரும் தத்தம் விருப்பப்படி எண்ணிட்டனர். மலிவான கருவிகளிற் பல இப்பழைய வழியையே பின்பற்றுகின்றன. லினக்ஸின் கருவிலேயே எக்ஸ்பேட் என்னும் இயக்கி அமைந்திருப்பதால், எக்ஸ்பொக்ஸ் வகைக் கருவியைக் கம்பியாற் செருகியதும் அது தானாகவே அடையாளங் காணப்படும். வட்டு வேண்டாம், இணையம் வேண்டாம். ஆகவே பெட்டியில் எக்ஸ்இன்புட் என்ற குறிப்பு இருக்கின்றதா என்று முதலிற் பாருங்கள். லொஜிடெக் எஃப்310 போன்றவற்றில் இரு முறைக்கும் இடையே மாற்றுவதற்கு ஓர் ஆளியே உண்டு; அதை எக்ஸ் பக்கம் தள்ளிவிட்டால் தொல்லை குறைவு.

கம்பியா, கம்பியற்றதா? கம்பியே என்போம். விலை குறைவு, மின்கலச் செலவில்லை, பழைய கணினியில் புளூடூத் இல்லையே என்ற ஏக்கமுமில்லை. எக்ஸ்பொக்ஸின் கம்பியற்ற யூஎஸ்பி துணைக்கருவிக்கு எக்ஸ்ஒன் என்னும் இயக்கியைத் தனியே நிறுவவேண்டும். புதியவர்களுக்கு அது வீண் தலையிடி.

பிளேஸ்டேஷன் கருவி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இன்னொன்று வாங்க வேண்டா. டுவல்சென்ஸ் கருவிக்கான இயக்கியைச் சோனி நிறுவனமே எழுதி அளிக்க, அது 2021இல் லினக்ஸில் இடம்பெற்றது. ஆனால் சந்தையிலே பிளேஸ்டேஷன் போலிகள் நிறைய. அசல் போலவே தோன்றுவனவற்றுட் சில லினக்ஸில் முரண்டு பிடிக்கின்றன. நின்டென்டோ ஸ்விட்ச் புரோ கருவிக்கும் 2022 முதல் இடமுண்டு. அதில் ஏ, பி எழுத்துகள் இடம்மாறி இருக்குமாதலால் திரை சொல்வதற்கும் விரல் செய்வதற்கும் சில நாட்கள் பிணக்கு நேரும்.

குச்சியைத் தொடாமலே வண்டி ஒரு பக்கம் இழுத்துச் செல்லும் நோயொன்று எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக உண்டு. குச்சியின் அடியில் உராயும் மின்தடைப் பகுதி தேய்வதால் விளைவது அது. 1879இல் எட்வின் ஹோல் கண்டறிந்த காந்த விளைவைப் பயன்படுத்தும் ‘ஹோல் எஃபெக்ட்’ குச்சிகளில் உராய்வே இல்லையாதலால் அவ்வாறு தேய்வதில்லை. முன்னர் விலையுயர்ந்த கருவிகளில் மட்டும் காணப்பட்ட இவை இப்போது நடுத்தர விலைக்கும் வந்துவிட்டன. சற்றே கூடுதலாகக் கொடுக்க இயலுமாயின் அதிர்வுக்கும் மின்மினி விளக்குகளுக்கும் கொடாமல் இதற்குக் கொடுங்கள். வண்ண விளக்கு எரியும் கருவியைத்தான் பிள்ளை கேட்பான். அங்கே சற்று உறுதி வேண்டும்.

கடையில் பிள்ளையின் கையிற் கொடுத்துப் பாருங்கள். பெருவிரல் இரு குச்சிகளையும் சிரமமின்றி எட்டவேண்டும். சுட்டுவிரல் பின்புற விசைகளில் இயல்பாகப் படியவேண்டும். பெரியவர் கைக்குச் செய்த கருவி பத்து வயதுச் சிறுமியின் கையில் கனக்கும். குச்சியை விட்டவுடன் நடுவுக்குத் திரும்புகின்றதா என்றும் பார்க்கவேண்டும். கடைக்காரர் செருகிக் காட்ட மறுத்தால், மாற்றித் தருவதாகப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

எல்லா விளையாட்டுக்கும் கொன்ட்ரோலர் வேண்டும் என்பதுமில்லை. மௌரியப் பேரரசையும் ஒரு தரப்பாகக் கொண்ட 0 ஏ.டி. என்னும் இலவசப் போர்த்தந்திர விளையாட்டுக்கு எலியும் விசைப்பலகையுமே உகந்தவை. வரலாறு படிக்கும் மாணவர் அதில் நேரம் போக்குவதை நாம் தடுப்பதில்லை. ஓடவும் குதிக்கவும் வண்டி செலுத்தவும் வேண்டியவற்றுக்கே கைக்கருவி சுகம். பழைய விளையாட்டு ஏதேனும் கொன்ட்ரோலரை அறியாவிடின், ஆன்ட்டிமைக்ரோஎக்ஸ் என்னும் இலவச மென்பொருளால் ஒவ்வொரு பொத்தானையும் விசைப்பலகையின் எழுத்தாக மாற்றிக்கொள்ளலாம். ஸ்டீமிலோ அதற்கான வசதி உள்ளேயே இருக்கின்றது.

வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒரே கருவிக்காகச் சண்டை வரும். சூப்பர்டக்ஸ்கார்ட்டில் திரையை இரண்டாகப் பிரித்து இருவரும் ஒரே கணினியில் ஓட்டலாம். இரண்டாவது கொன்ட்ரோலர் வாங்கும்வரை ஒருவர் விசைப்பலகையில் ஓட்டட்டும். யாருக்கு எது என்பதைப் பந்தயத்துக்குப் பந்தயம் மாற்றிக் கொடுத்தால் அம்மாவுக்கும் அடுப்படியில் சற்று அமைதி கிடைக்கும்.