நூறா, நானூறா?

வைஃபை பாக்கெட்டின் தலைப்பகுதியில், உள்ளே எத்தனை பைட் இருக்கிறது என்று சொல்ல 12 பிட் இடம் உண்டு. 1999-ல் வந்த 802.11ஏ தரத்தில் அந்தப் பகுதிக்குக் காவல் ஒரே ஒரு பாரிட்டி பிட்தான். இரண்டு பிட் ஒன்றாகப் புரண்டால் காவலுக்குத் தெரியாது. சின்னப் பாக்கெட்டை 4095 பைட் என்று படித்துவிட்ட ரிசீவர், 6 மெகாபிட் வேகத்தில், ஏறக்குறைய ஐந்தரை மில்லி வினாடி வராத தரவுக்காகக் காத்துக் கிடக்கும். அதற்குள் வந்த நல்ல பாக்கெட்டுகளும் போச்சு. தரவில் பிழை வந்தால் ஒரு பாக்கெட்டோடு முடியும். நீளத்தில் வந்தால் பின்னால் வருபவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

சர்க்யூட் செய்யும் வேலையைக் கணினி நிரலிடம் ஒப்படைப்பது சாஃப்ட்வேர் ரேடியோ. 2001-ல் தொடங்கிய க்னூ ரேடியோ அதற்கான கட்டற்ற மென்பொருள். இங்கேயும் நீளம் கெடும். ஆனால் அதற்குப் பெரும்பாலும் காற்றின் இரைச்சல் காரணமில்லை, நம் கணக்குதான்.

96 பைட் செய்தி ஒன்றை அனுப்புகிறோம். பிழை கண்டுபிடிக்க 4 பைட் சிஆர்சி சேர்த்தால் 100. கியூபிஎஸ்கே முறையில் ஒரு சிம்பலுக்கு 2 பிட், ஆக 400 சிம்பல். சிம்பலுக்கு 4 சாம்பிள் என்றால் 1600. பாக்கெட் ஒன்றே, எந்த இடத்தில் நின்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து நீளம் மாறுகிறது. க்னூ ரேடியோவில் இந்த எண், பாக்கெட்டின் முதல் உருப்படியில் ஒரு டேகாக, அதாவது குறிச்சீட்டாக, ஒட்டிக்கொண்டு பயணிக்கும். பைட்டை இரண்டிரண்டு பிட்டாகப் பிரிக்கும் பிளாக்கில் (நிரலின் ஒரு கட்டம்) டேகின் பெயரை நிரப்ப மறந்தால், உருப்படிகள் 400 ஆன பிறகும் டேக் 100 என்றே சொல்லும். அடுத்த பிளாக் அதை நம்பி 100-ஐ எடுத்துக்கொண்டு, 101-ஆவதில் புது டேகைத் தேடும். இருக்காது. நீள டேக் காணவில்லை என்று பிழைச்செய்தி காட்டி நிரல் நின்றுவிடும். பிழைச்செய்தி சுட்டுவது நின்றுபோன பிளாக்கை, குற்றவாளி அதற்கு முந்தையது. சாம்பிளைப் பெருக்கும் ஃபில்டரும் டேகை நகர்த்துமே தவிர எண்ணைத் திருத்தாது. அங்கே நீளத்தைப் பெருக்கித் தரும் பிளாக்கை நாமே போட வேண்டும்.

ஃபில்டர் இன்னொரு வம்பும் செய்யும். பாக்கெட்டின் கடைசிச் சில சாம்பிள்கள் அதற்குள்ளேயே தங்கி, அடுத்த பாக்கெட் வந்து தள்ளினால்தான் வெளியே வரும். முடிவில் சில பூஜ்யங்களைச் சேர்த்தால் போதும். அவற்றையும் நீளத்தில் எண்ண மறக்கக் கூடாது.

க்னூ ரேடியோவின் வழக்கமான ஒரு தலைப்பு வடிவத்தில் நீளம் இரண்டு முறை எழுதப்படுகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பாக்கெட் தள்ளுபடி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தப்பான எண்ணையே இரண்டு முறை எழுதினால் அதுவும் ஒத்துத்தான் போகும்.

சிக்கிக்கொண்டால் ஆன்டெனாவைக் கழற்றி வையுங்கள். அனுப்பும் பகுதியைக் கணினிக்குள்ளேயே பெறும் பகுதியோடு இணைத்து, ஒவ்வொரு பிளாக்குக்குப் பின்னும் டேக் டீபக் பிளாக் வைத்து எண்ணைப் பாருங்கள். செய்தி 64, 128 என்று இல்லாமல் 61 பைட்டாக இருக்கட்டும், சிஆர்சியோடு 65. பின்னால் எங்காவது 260 தெரிந்தால் நான்கால் பெருகியிருக்கிறது என்று பார்த்தவுடன் புரியும். பிறகு நீளத்தை மாற்றி மாற்றி அனுப்புங்கள். ஒரே நீளத்துக்கு மட்டும் ஓடுகிற நிரலில் எங்கோ ஓர் எண்ணைக் கையால் எழுதி வைத்திருக்கிறீர்கள். அதைத் தேடிப் பிடித்து நீக்கிய பிறகு ஆன்டெனாவை மாட்டுங்கள்.