கழிவுநீர் லாரிக்கு உரிமம் எதற்கு?

தெருவில் கழிவுநீர் லாரி ஒன்று வந்து நின்றால் நாம் என்ன செய்கிறோம்? மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலைச் சாத்துகிறோம். லாரி போன பின் சன்னலைத் திறக்கிறோம். அதில் ஏறிய சரக்கு எங்கே போகிறது என்று கேட்பவர் மிகச் சிலர். நானும் நெடுநாள் கேட்டதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், எங்கள் வீட்டுத் தொட்டியைக் காலி செய்த லாரிக்காரரிடம், "இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்?" என்று கேட்டேன். "ஊருக்கு வெளியேதான், சார்" என்று சொல்லிச் சிரித்தார். அடுத்த வாரம் விடியற்காலையில் நடக்கப் போன இடத்தில் அந்த லாரியையே மறுபடியும் பார்த்தேன். அதன் குழாய் வாய்க்காலுக்குள் இறங்கியிருந்தது. அந்த வாய்க்கால் நீர்தான் எங்கள் ஊர் வயல்களுக்குப் பாய்கிறது.

பாதாளச் சாக்கடை இல்லாத இடங்களில் வீட்டுக் கழிவறையின் நீர் நிலத்துக்கடியில் உள்ள ஒரு தொட்டிக்குச் செல்கிறது. இதைச் செப்டிக் டேங்க் என்று எல்லோரும் சொல்கிறோம். அதனுள் கழிவு மூன்று அடுக்காகப் பிரிகிறது. கனமானவை அடியில் கசடாகப் படிகின்றன. எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடுபோல் மிதக்கின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள நீர் மற்றொரு குழாய் வழியாக வெளியேறி, உறிஞ்சு குழியில் இறங்கி மண்ணில் கலக்கிறது. காற்று இல்லாமலே வாழவல்ல நுண்ணுயிர்கள் அடியிலுள்ள கசடைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. "எல்லாவற்றையும் கிருமிகளே தின்று தீர்த்துவிடும், தொட்டியைத் திறக்கவே வேண்டியதில்லை" என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அது தவறு. கசடில் ஒரு பகுதி எஞ்சிக்கொண்டே வரும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை அதை அகற்றாவிட்டால், நீர் தெளிவதற்கு இடமின்றிக் கசடே வெளியேறும். உறிஞ்சு குழி அடைபடும். அருகிலுள்ள கிணறும் கெடும்.

ஆகவே தொட்டியைத் திறந்தே ஆகவேண்டும். ஆபத்து தொடங்குவதும் அங்கேதான். கசடு சிதையும்போது மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய வாயுக்கள் உண்டாகின்றன. நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஆக்சிஜன் இருக்கிறது. மூடிய தொட்டியில் மற்ற வாயுக்கள் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஹைட்ரஜன் சல்பைடு மிகவும் வஞ்சகமானது. சிறிதளவு இருக்கும்போது அழுகிய முட்டைபோல நாறும். அளவு மிகுந்துவிட்டாலோ மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்து ஒருவர் உள்ளே இறங்குகிறார்; சில நொடிகளில் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்கப் போனவரும் விழுகிறார். செய்தித்தாளில் ஒரே தொட்டியில் இருவர், மூவர் மாண்டனர் என்று படிக்கிறோமே, அதன் காரணம் இதுதான். மூடியைத் திறந்து வைத்துச் சிறிது நேரம் காத்திருந்தால் போதும் என்பதும் வெறும் நம்பிக்கையே. கசடைக் கிளறியவுடன் அதில் அடைபட்டிருந்த வாயு மீண்டும் கிளம்பும்.

2013-ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், உரிய பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஒருவரைத் தொட்டியிலோ சாக்கடையிலோ இறக்கிச் சுத்தம் செய்விப்பதைக் குற்றம் என்கிறது. முதல் முறை குற்றம் செய்தவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பணிக்கு அமர்த்துகிறவர் நகராட்சியாயினும் வீட்டுக்காரராயினும் சட்டம் ஒன்றே. இவ்வாறு இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் கூறியது; 2023-இல் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. ஆனால் இழப்பீடும் தண்டனையும் உயிர் போன பின் வருபவை. முன்கூட்டியே தடுக்க என்ன வழி? இத்தொழிலைச் செய்பவர் யார், அவரிடம் என்ன கருவி உண்டு, சரக்கை எங்கே இறக்குகிறார் என்பவற்றை ஊராட்சி மன்றமோ நகராட்சியோ அறிந்திருக்க வேண்டும். உரிமம் என்பது இதற்காகத்தான்.

தமிழ்நாட்டில் இதற்கான வழிகாட்டு நெறிகள் 2014-இல் வந்தன. பின்னர் 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, கழிவுநீர் லாரிகள் உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் பெறுவது கட்டாயமாயிற்று. அப்போது வகுக்கப்பட்ட விதிகளின்படி உரிமக் கட்டணம் 2,000 ரூபாய். உரிமம் இரண்டு ஆண்டு செல்லும். விதியை மீறினால் முதல் முறை 25,000 ரூபாயும் அடுத்த முறை 50,000 ரூபாயும் அபராதம். கட்டணத்தையும் அபராதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நேர்மையானவர் எளிதில் உள்ளே வரவேண்டும், வாய்க்காலில் கொட்டுபவருக்கு அது கட்டுப்படியாகக் கூடாது என்னும் நோக்கம் அந்தக் கணக்கிலேயே தெரிகிறது. லாரி எங்கே செல்கிறது என்பதைக் காட்டும் ஜி.பி.எஸ். கருவியும் அதில் பொருத்தப்பட வேண்டும். தொழிலாளருக்குக் கையுறை, காலுறை, முகமூடி முதலியவை தரப்பட வேண்டும்.

என் கருத்தில், இவை எல்லாவற்றிலும் எளியதும் பயன் மிக்கதும் ஒரு தாள்தான். எந்த வீட்டில், எந்த நாளில், எவ்வளவு கசடு எடுக்கப்பட்டது என்று அதில் எழுதி, வீட்டுக்காரரும் லாரிக்காரரும் கையொப்பமிடுகிறார்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் சரக்கை இறக்கிக்கொள்பவரும் கையொப்பமிடுகிறார். மூன்றாவது கையொப்பம் இல்லையென்றால் சரக்கு வழியில் எங்கோ போய்விட்டது என்று பொருள். ஆனால் சரக்கை வாங்கிக்கொள்ள எட்டும் தொலைவில் ஒரு நிலையம் வேண்டுமே! ஐம்பது கிலோமீட்டர் போய்வர டீசல் செலவாகுமென்றால் எந்த உரிமமும் வாய்க்காலைக் காக்காது. செங்கற்பட்டு மாவட்டத்துக் கருங்குழியில் நிறுவப்பட்டதைப் போன்ற கசடு சுத்திகரிப்பு நிலையங்கள் சிற்றூர்களுக்கு அருகிலேயே வரவேண்டும் என்பது இதனால்தான்.

இத்தகைய ஏற்பாடு நம்மிடம் மட்டும் உள்ளதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1995-இல் திருத்தியமைத்த விதிகள் இன்னும் முன்னே செல்கின்றன. தொட்டி வெட்டுமுன் மண்ணைச் சோதிப்பவர் மாநிலத்தின் ஒப்புதல் பெற்றவராக இருக்கவேண்டும். தொட்டியை அமைப்பவரும் கசடை ஏற்றிச் செல்பவரும் அந்தந்த ஊரின் சுகாதாரக் குழுவிடம் அனுமதி பெறவேண்டும். வீட்டை விற்கும்போது, ஒப்புதல் பெற்ற ஆய்வாளர் தொட்டியைச் சோதித்து அறிக்கை தரவேண்டும். நம்மிடமோ கவனம் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில், லாரியில்தான் விழுந்திருக்கிறது. வரைபடத்தில் தொட்டி ஒழுங்காகவே இருக்கும். கட்டும்போது, அடித்தளம் பூசாமல் விட்டால் தொட்டி விரைவில் நிறையாது என்று கொத்தனார் யோசனை சொல்வார். வீட்டுக்காரரும் மகிழ்ந்து ஒப்புக்கொள்வார். அப்படிப்பட்ட தொட்டியிலிருந்து கழிவு நேரே நிலத்தடி நீருக்குப் போய்விடுகிறது. அங்கே லாரிக்கு வேலையே இல்லை. உரிமத்துக்கும் வேலை இல்லை.

அண்மையில் எங்கள் வீட்டுக்கு மறுபடியும் லாரி வந்தது. ஓட்டி வந்த இளைஞர் உரிமத்தின் நகலைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார். குழாயை இறக்கினாரே தவிர, ஆள் யாரும் இறங்கவில்லை. வேலை முடிந்ததும் ஒரு தாளை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள், ஐயா" என்றார். எங்கே கொட்டுவீர்கள் என்று இம்முறை நான் கேட்கவில்லை. நிலையத்தின் பெயர் அந்தத் தாளிலேயே எழுதியிருந்தது.