விடுவதற்கும் வேண்டும் ஆற்றல்

1929இல் மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டை அடுத்த சரிவில் ஜே. ஏ. ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அங்கே கொழுந்து கிள்ளியவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்களின் விரல்களை அசைத்த பொருளும் அதே ஆண்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ஜெர்மனியில் கார்ல் லோமனும், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கே, எல்லாப்பிரகட சுப்பாராவ் இருவரும் தனித்தனியே தசையிலிருந்து அடினோசின் டிரைபாஸ்பேட்டைக் கண்டெடுத்தார்கள். சுருக்கமாக, ஏடிபி. சுப்பாராவ் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஏடிபியை மனப்பாடம் செய்யும் நம் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சொல்லிக்கொடுக்காதது பெரிய குறை.

ஏடிபியில் மூன்று பாஸ்பேட்டுகள் தொடராக நிற்கின்றன. கடைசியது நீரின் துணையோடு கழன்றால் ஆற்றல் கிடைக்கும். ஆனால் அந்த ஆற்றல் எப்படி அசைவாகிறது? நீராவி எஞ்சினில் வெப்பம் அழுத்தமாகி உருளையைத் தள்ளும். உயிரணுவுக்குள் எல்லா இடமும் ஒரே சூடு; அந்த வழி அங்கே செல்லாது. புரதம் தன் வடிவத்தை மாற்றித்தான் வேலை செய்கிறது.

தசையில் ஆக்டின் என்ற மெல்லிய இழையும் மயோசின் என்ற தடித்த இழையும் அடுத்தடுத்து இருக்கின்றன. இழைகள் சுருங்குவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன என்று 1954இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் காட்டின. மயோசினின் தலை ஆக்டினைப் பற்றியிருக்கிறது. ஏடிபி வந்து ஒட்டியதும் பிடி தளர்கிறது. ஏடிபி உடையும்போது தலை பின்னோக்கி மடங்கி, இழுக்கத் தயாராகிறது. மறுபடி ஆக்டினைப் பற்றி, பாஸ்பேட்டை வெளியே விடும் நொடியில் கழுத்துப்பகுதி சாய்ந்து இழையை இழுக்கிறது. ஒரு இழுப்பு சுமார் பத்து நானோமீட்டர். கோடானுகோடித் தலைகள் சேர்ந்தால்தான் ஒரு கொழுந்து ஒடியும்.

எரிபொருள் வந்ததும் இந்தப் புரதம் செய்யும் முதல் வேலை இழுப்பதல்ல, விடுவது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இறந்தவர் உடல் விறைப்பதும் இதனால்தான்: ஏடிபி தீர்ந்துவிட்டது, தலைகள் பிடியை விட வழியில்லை.

ஒரு நாளில் நம் உடல் புதுப்பிக்கும் ஏடிபியைக் கூட்டினால் ஏறத்தாழ நம் எடைக்கு வரும். அதைச் செய்யும் பட்டறை மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் இருக்கிறது. ரிங்லெட்காரர்களுக்கு அதை விளக்குவது எளிது. சுல்தான் அபு பாக்கார் அணையில் தேங்கும் நீர் சுரங்கக் குழாய் வழியே இறங்கி, ஜோர் மின்நிலையத்தில் விசையாழியைச் சுழற்றுகிறது. மைட்டோகாண்ட்ரியாவில் நீருக்குப் பதில் புரோட்டான்கள். அவை சவ்வின் ஒருபுறம் தேங்கி, ஏடிபி சின்தேஸ் என்ற புரதத்தின் வழியே பாய்கின்றன, அதன் அச்சு சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி. 1997இல் ஜப்பானில் ஹிரோயுகி நோஜியும் குழுவினரும் அந்த அச்சில் ஒளிரும் ஆக்டின் இழையை ஒட்டி, ஏடிபி ஊட்டினார்கள். அச்சு எதிர்த்திசையில் சுழல்வதை நுண்ணோக்கியிலேயே கண்டார்கள். சுழற்சியைக் காட்டும் கொடியாகப் பயன்பட்டது தசைப் புரதமே. அதே ஆண்டு ஏடிபி சின்தேஸ் பற்றிய ஆய்வுக்காக பால் பாயருக்கும் ஜான் வாக்கருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கிள்ளுகிற விரலில் மட்டுமல்ல, கிள்ளப்படும் கொழுந்திலும் மயோசின் உண்டு. செடிக்குத் தசை இல்லை. ஆனாலும் அதன் ஒவ்வொரு உயிரணுவிலும் மயோசின் ஆக்டின் இழைமேல் நடந்து சரக்குகளைச் சுமக்கிறது. அந்த நடையால் உள்ளே இருக்கும் திரவமே ஓடுகிறது. 2013இல் மோடோகி டோமினாகா குழுவினர் அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியின் மயோசினில் மோட்டார்ப் பகுதியை மாற்றிப் பார்த்தார்கள். காரா என்ற நீர்ப்பாசியின் வேகமான பகுதியைப் பொருத்திய செடி வழக்கத்தைவிடப் பெரிதாக வளர்ந்தது. மனித மயோசின் ஒன்றின் மெதுவான பகுதியைப் பொருத்தியது குட்டையாகவே நின்றுவிட்டது.