முறையிடுவாரில்லாக் குற்றம்

களவுக்கும் கொலைக்கும் முறையிடுவார் உளர். வெட்டுண்ட காட்டிற்கும் நஞ்சேறிய ஆற்றிற்கும் முறையிடுவார் யார்? சுற்றாடற் குற்றங்களைப் புலனாய்தற்குத் தனிப்படை வேண்டும் என்னும் கருத்து இவ்வினாவினின்றே எழுவது.

இத்தாலி 1986 இலும் ஸ்பெயின் 1988 இலும் இத்தகைய பொலிஸ் பிரிவுகளை அமைத்தன. இந்தியாவில் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பணியகம் 2007 இல் தோன்றியது. இலங்கைப் பொலிஸிலும் சுற்றாடற் பாதுகாப்புப் பிரிவு உண்டு. வனசீவராசிகள் திணைக்கள அலுவலர்க்கும் 1937 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கைதுசெய்யும் அதிகாரம் அளிக்கின்றது.

பொதுப் பொலிஸ் இருக்கத் தனிப்படை எதற்கு? 2020 மே மாதம் நல்லதண்ணியில், லக்ஷபான தோட்டத்தில், அரிய கருஞ்சிறுத்தையொன்று கம்பிக் கண்ணியில் அகப்பட்டது. உயிருடன் மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்றும் சில நாளில் இறந்தது. தோட்டப்புறக் கண்ணிகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கு வைக்கப்படுவன. வைத்தவன் அருகில் நிற்பதில்லை, கண்டவர் வாய்திறப்பதில்லை. கம்பியின் வகை, முடிச்சின் முறை, காயத்தின் தன்மை என்பனவே சாட்சிகள். அவற்றை அறியப் பயிற்சி வேண்டும். மலைமழை தடயத்தை அழிக்குமுன் செல்ல விரைவும் வேண்டும்.

நிற்க. மரக்கறிப் பாத்தியைப் பன்றி கிண்டினால் லயத்துக் குடும்பத்தின் சிறுவருவாய் அழியும். கண்ணி வைத்தவனைப் பிடித்து, இறைச்சிக்கு விலை கொடுத்தவனை விடுதல் நீதியன்று. எளியவனிடம் தொடங்கி அவனிடமே முடிவது அரைப் புலனாய்வே. பயிரைக் காக்க வழிகாட்டுதலும் அதனோடு சேர்தல் வேண்டும்.

தேயிலை மலையிற் கண்ணியைக் கண்ட மாணவன் அஞ்சாது சென்று சொல்லத்தக்க அலுவலர் ஒருவர் வேண்டும். அன்றே காட்டிற்கும் முறையிடுவார் உளராவர்.